தம்பியை ஆறு மாதம் அடைத்து வைத்தால் போதை விட்டுப் போகுமா?

கேள்வியை எழுதிய தங்கச்சி யாழ்ப்பாண நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறார். 23 வயதுத் தம்பி ஏறத்தாழ இரண்டு வருடமாக ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிக்கிறான். அதற்கு முன்பு கஞ்சா. அப்பா இருபது வருடமாகத் தினமும் அரைப் போத்தல் சாராயம். கடைசித் தம்பிக்கு 16 வயது, விடிய விடியப் போனில் கேம். மாமா ஆட்கள் “ஆறு மாதம் எங்கேயாவது புனர்வாழ்வு நிலையத்தில் விடு, திருந்தி வருவான்” என்கிறார்கள். அம்மாவோ ஒரு கலியாணத்தைச் செய்து வைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்று நினைக்கிறார். தங்கச்சி கேட்பது மூன்று விஷயம்: இது வருத்தமா, திமிரா? அடைத்து வைத்தால் விடுமா? அப்பாவின் போத்தலை ஒளித்து வைத்து ஒரேயடியாக நிற்பாட்டலாமா?

இங்கே மனநல கிளினிக்குகளில் நீண்டகாலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது.

தயவுசெய்து போத்தலை ஒளிக்க வேண்டாம். கடைச் சாராயத்தில் மதுசாரம் 33 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும். 375 மில்லிலீற்றர் அரைப் போத்தல் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் மதுசாரம். உலக சுகாதார நிறுவனத்தின் மதுப் பாவனை வினாக்கொத்தில் 10 கிராமை ஒரு அளவு என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அப்பா தினமும் பத்து அளவு எடுக்கிறார். இருபது வருடம் இப்படி மதுவில் ஊறிய மூளை, மது தரும் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எந்நேரமும் முறுக்கி வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகியிருக்கும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். முதல் அரை நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சத்தி, நித்திரையின்மை. 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சன்னி வரும்.

சன்னி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சைக்கிளால் விழுந்து கால் முறிந்து ஒரு கடற்றொழிலாளி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். முதல் நாள் எல்லாரோடும் நன்றாகக் கதைக்கிறார். தினமும் குடிப்பவர் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மூன்றாம் நாள் இரவு கட்டில் சீற்றைப் பிய்க்கிறார். சுவரில் பூச்சி ஊருது என்று தட்டிவிடுகிறார். அங்கே இல்லாத ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு “வள்ளத்தை இழு, வள்ளத்தை இழு” என்று கத்துகிறார். உடம்பு கொதிக்கிறது, நாடி ஓடுகிறது, ஆளை நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. வெளியே நிற்கும் சொந்தக்காரர் இது காத்துக்கறுப்பு என்று முடிவெடுத்து நூல் கட்ட ஆள் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது டயசிபாம் போன்ற மருந்து, தயமின் என்ற விற்றமின் பி1 ஊசி, நீர்ச்சத்து, வெளிச்சமுள்ள இடம், பக்கத்தில் தெரிந்த ஒரு முகம். சரியான சிகிச்சை இல்லாத காலத்தில் இந்தச் சன்னி வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று நேரத்துக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஆகவே அப்பாவை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரி விடுதியில் வைத்து நிற்பாட்டுவதா, வீட்டில் வைத்துக் குளிசை கொடுத்து அதைப் படிப்படியாகக் குறைத்து நிற்பாட்டுவதா என்று அவர் தீர்மானிக்கட்டும். அதுவரை அப்பா திடீரென்று நிற்பாட்டாமல் இருப்பதே பாதுகாப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். “குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை வெறுத்துவிடுவார்” என்று மருந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். டைசல்பிரம் என்று ஒரு உண்மையான மருந்து உண்டு. 1948இல் கோபன்ஹேகனில் அதன் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். இருதய வருத்தம் உள்ளவர் செத்தும் போகலாம். தானே சம்மதித்து, தெரிந்து எடுப்பவருக்கு மட்டும்தான் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் நஞ்சு.

சரி, இப்போது வருத்தமா, திமிரா என்ற கேள்வி.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு சொட்டும் தொடாத குடிகாரர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள், ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம். மாலை கழற்றிய அன்று பின்னேரமே தவறணையில் நிற்பார். “பார், நினைத்தால் விடக்கூடியவர், விட மனமில்லை” என்று வீட்டில் சொல்வார்கள். நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். அந்த 25 நாளும் வீடு முழுக்க விரதம், கூட்டாளிகளும் குடிப்பதில்லை, காலையும் பின்னேரமும் போக ஒரு இடம் இருக்கிறது, வேட்டி கட்டின ஆளுக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. விரதம் முடிந்ததும் இவை எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன, ஆள் பழைய சூழலுக்குள் பழைய மூளையோடு திரும்பி வருகிறார். நிற்பாட்ட அவரால் முடிகிறது. நிற்பாட்டிய நிலையில் தொடர்ந்து இருக்கத்தான் முடியவில்லை. அடிமைத்தனம் என்ற வருத்தத்தின் மையமே இந்த இரண்டாவது விஷயம்தான்.

மூளையில் நடப்பது இது. எதைச் செய்தால் உயிர் வாழலாம், எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று நமக்குக் குறித்துக் கொடுக்கும் ஒரு சுற்று மூளையின் ஆழத்தில் இருக்கிறது. 1954இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் அந்தப் பகுதியில் மின்கம்பியைப் பொருத்தி, அமத்தினால் மின்சாரம் வரும்படி ஒரு நெம்புகோலையும் வைத்தார்கள். எலிகள் ஓயாமல் அமத்தின. அந்தச் சுற்றின் முக்கிய இரசாயனம் டோபமின். சாப்பாடு, நட்பு, பாராட்டு எல்லாம் அதை அளவாக ஏற்றும்; ஐஸ் அதை இயற்கையில் எதுவும் ஏற்றாத அளவுக்கு ஏற்றும். பிறகு வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளில் கண்டது இன்னும் முக்கியம்: பழகப் பழக, டோபமின் பரிசு கிடைக்கும்போது ஏறுவதை விட்டுவிட்டு, பரிசு வரப்போகிறது என்று காட்டும் அடையாளத்துக்கே ஏறத் தொடங்குகிறது. உங்கள் தம்பிக்கு அந்த அடையாளம் கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தமாக இருக்கலாம், கையில் வந்த ஆயிரம் ரூபாய்த் தாளாக இருக்கலாம், பின்னேரம் ஆறு மணியாகவே இருக்கலாம். அதைக் கண்டதும் யோசனைக்கு முன்பே உடம்பு புறப்பட்டுவிடும். “இப்ப அதில ஒரு சுகமும் இல்லை அண்ணை, ஆனா விட ஏலாமல் இருக்கு” என்று பெடியள் என்னிடம் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சுகம் தேய்ந்த பிறகும் வேட்கை தேயாமல் நிற்பதுதான் இந்த வருத்தம்.

ஆகவே வருத்தம்தான். ஆனால் அதனால் அவன் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. சீனி வருத்தம் வந்தது ஒருவருடைய குற்றமில்லை. மருந்து எடுப்பதும் சாப்பாட்டைப் பார்ப்பதும் அவருடைய பொறுப்பு. இதற்கும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மக்லெலன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் போதை அடிமைத்தனத்தையும் இப்படியான நீண்டகால நோய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் போதைக்குத் திரும்புகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம். இரத்த அழுத்த நோயாளிகளில் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் மறுபடியும் பிரஷர் ஏறி வருபவர்கள் 50 முதல் 70 சதவீதம். பிரஷர் ஏறி வந்தவரை நாங்கள் ஏசிக் கலைப்பதில்லை. மருந்தை மாற்றுகிறோம், அடுத்த கிளினிக் திகதியைக் கொடுக்கிறோம்.

ஏன் உங்கள் வீட்டில், ஏன் தம்பிக்கு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். குடி அடிமைத்தனத்தில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன. மற்றப் பாதி எந்த வயதில் தொடங்கினான், கையெட்டும் தூரத்தில் கிடைத்ததா, சின்ன வயதில் என்ன பார்த்தான் என்பவை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வையும் 2009 வரையான வன்னிப் போரையும் கடந்து வந்த தகப்பன்மார் நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கிய வீடுகள் இங்கே கொஞ்சமில்லை. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று இருபது வயதில் நிற்கிறார்கள். வடக்கின் கூட்டு மனவடு பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் நீண்டகாலமாக எழுதிவருவதை இந்தக் கண்ணோடும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்பாவின் குடியையும் தம்பியின் ஐஸையும் இரண்டு தனிக் கதையாகப் பார்க்காதீர்கள்.

இனி மாமா ஆட்களின் ஆறு மாதம்.

ஐஸ் என்பது மெதம்பெற்றமின். அதை நிற்பாட்டும்போது சாராயம் போல வலிப்போ சன்னியோ வழக்கமாக வராது. முதல் சில நாள் கிடந்து நித்திரை கொள்வான், எழும்பினால் பசியோ பசி. வீட்டார் “அப்பாடா, தெளிந்துவிட்டான்” என்பார்கள். அதற்குப் பிறகுதான் கஷ்டம். எதிலும் விருப்பமில்லை, சிரிப்பு வராது, கிரிக்கெட் பார்க்கவும் மனமில்லை, சிலருக்குச் செத்துவிடலாம் என்ற நினைப்பு. இதைச் சோம்பல் என்று ஏசக் கூடாது. டோபமின் சுற்று காய்ந்து கிடக்கும் காலம் இது. 2001இல் நோரா வோல்கோவின் குழு ஐஸ் விட்டவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, குறைந்து போயிருந்த டோபமின் கடத்திகள் கணிசமாகத் திரும்பி வந்திருந்தன. அதற்கு 12 முதல் 17 மாதம் எடுத்திருந்தது. மூளை ஆறுகிறது என்பது அதில் நல்ல செய்தி. ஆறு மாதத்தில் ஆறி முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய ஆய்வொன்று உண்டு. அங்கே ஐந்தில் ஒருவர் அளவில் ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடித் தேடி விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்துக்குள் மறுபடியும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. பெரும்பாலானவர்கள் பெரிய சிகிச்சை எதுவும் எடுக்கவில்லை. போதை பிடித்த இடத்திலிருந்து, அந்தப் பயத்திலிருந்து, அந்தக் கூட்டாளிகளிடமிருந்து விலகி, போதை ஒட்டியிராத ஒரு ஊருக்கு அவர்கள் போய்விட்டார்கள் என்பதை இதற்கு ஒரு முக்கிய காரணமாகச் சொல்வார்கள். நம் பெடியன்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. போதை பிடித்த சந்தி இங்கேயே இருக்கிறது. அவனை எங்கோ தூரத்தில் ஆறு மாதம் வைத்து, அங்கே அவன் நன்றாக இருந்து, பிறகு அதே ஒழுங்கைக்கு, அதே மதகில் இருக்கும் அதே கூட்டாளிகளிடம் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்குகிறோம். இறங்கிய மூன்றாம் கிழமை அவன் திரும்பப் பாவித்தால் “இவ்வளவு செலவழித்தும் திருந்தவில்லை” என்கிறோம்.

அதற்காக நிலையங்கள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் அடிதடி, நகை நட்டு எல்லாம் அடகில், வீட்டு வாசலிலேயே விற்பவன் நிற்கிறான் என்ற நிலையில், அவனாக விரும்பிப் போகும், வைத்தியரும் உளவளத்துணையாளரும் உள்ள ஒரு நிலையம் மூச்சுவிட இடம் தரும். நீதிமன்றம் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பவும் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தின் பெயரை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைப்பதை மட்டுமே சிகிச்சையாக வைத்திருக்கும் நிலையங்களை மூடச் சொல்லி 2012 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன. எந்த நிலையத்தில் விட்டாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: “இவன் வெளியே வந்த பிறகு யார் பார்ப்பது, எந்தத் திகதியில்?” பதில் இல்லையென்றால் அங்கே விட வேண்டாம். பிள்ளைக்கு அடிப்போம், சங்கிலி போடுவோம் என்பவர்களிடம் ஒருபோதும் விடாதீர்கள்.

ஹெரோயின் பாவிப்பவர் வீட்டில் இருந்தால் இன்னுமொரு எச்சரிக்கை. சில மாதம் விட்டிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். நிலையத்தாலோ சிறையாலோ வந்த முதல் கிழமைகள்தான் மிக ஆபத்தானவை. ஊசியால் ஏற்றுபவருக்குக் காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோலோடு விடக் கூடாது. இருதய வால்வில் கிருமி பிடித்திருக்கலாம். ஊசி போட்டதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கலியாணம் பற்றி ஒரே வரி: வேண்டாம். இன்னொரு வீட்டுப் பிள்ளையை மருந்தாக்குவதற்கு நமக்கு உரிமையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அப்படியே. கடன்பட்டு ஏஜென்சிக்குக் கட்டி, ஐஸ் இன்னும் மலிவாகக் கிடைக்கும் ஒரு நகரத்தில் ஆள் தனியே நிற்பான்.

அப்போ சிகிச்சை என்பது என்ன? சாராயத்துக்கு நல்ல மருந்துகள் உண்டு. நல்ட்ரெக்சோன் குடியின் இன்பத்தைக் குறைக்கும், அகம்ப்ரோசேற் நிற்பாட்டிய பின் வரும் தவிப்பைக் குறைக்கும். இரண்டையும் 2023இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஹெரோயினுக்கு உலகெங்கும் மெதடோன், பியூப்ரெனோர்பின் கொடுக்கிறார்கள். இவை 2005இலேயே அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டன. ஐஸுக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. நல்ட்ரெக்சோன் ஊசியையும் பியூப்ரோபியோன் என்ற மனச்சோர்வுக் குளிசையையும் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 13.6 சதவீதத்தினருக்கும் வெற்று மருந்து எடுத்தவர்களில் 2.5 சதவீதத்தினருக்கும் பலன் கிடைத்தது. பலன் உண்டு, ஆனால் சின்னது. “ஐஸுக்கு ஊசி போடுகிறோம், ஒரே கிழமையில் விடும்” என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

ஐஸுக்கு இன்றுவரை அதிகம் பலன் காட்டியிருப்பது மருந்தே இல்லை. பாவிக்காமல் இருந்ததை சிறுநீர்ப் பரிசோதனையில் காட்டினால் உடனடியாக ஒரு சின்னப் பரிசு, அடுத்த முறையும் காட்டினால் அதைவிடக் கொஞ்சம் பெரிய பரிசு. 1990களின் தொடக்கத்தில் கொக்கெய்ன் பாவித்தவர்களுக்கு ஸ்டீபன் ஹிக்கின்ஸ் இதைச் செய்து காட்டினார். “ஒழுங்காக இருப்பதற்கு லஞ்சமா?” என்று அப்பா கேட்பார். அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: ஆறு மாதத்துக்குப் பிறகு கிடைக்கும் நல்ல வாழ்க்கை அந்த மூளைக்குக் கண்ணில் தெரியாது, இன்று பின்னேரம் கிடைப்பதுதான் தெரியும். நம் கிளினிக்குகளில் பரிசு கொடுக்க வசதியில்லை. வீட்டில் செய்யலாம். கிளினிக்குக்குப் போய் வந்த நாள் அவனுக்குப் பிடித்த ஒடியல் கூழ், நல்லபடி போன கிழமைக்குப் போனுக்கு டேட்டா. காசாகக் கையில் கொடுக்க மட்டும் வேண்டாம்.

அதோடு கிளினிக்கில் உளவளத்துணையாளர் அவனோடு சேர்ந்து நாளைக் கூறு போட்டுப் பார்ப்பார். எந்த நேரம் கஷ்டம், யாரைக் கண்டால் கஷ்டம், காசு கைக்கு வரும் நாளில் என்ன செய்வது, வேட்கை வந்தால் முதல் இருபது நிமிடத்தை எங்கே கழிப்பது. வேட்கை ஏறும், ஏறி இறங்கும், அந்த நேரத்தைக் கடத்தப் பழகலாம். வேலை மிக முக்கியம். சம்பளத்தை விடக் காலையில் எழும்ப ஒரு காரணம் முக்கியம். அவனோடு வேலை செய்பவர்கள் யார் என்பதை மட்டும் கவனியுங்கள். அப்பாவுக்கு, 1935இல் ஒஹாயோவில் தொடங்கிய மது அடிமைகள் சங்கம் போல, விட்டவர்கள் விட முயல்பவர்களோடு கூடிப் பேசும் கூட்டங்கள் நன்றாக உதவும். 2020இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குடியாமல் தொடர்ந்து இருப்பதில் அந்த வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததாக இல்லை. கோயில் தொண்டும் இதே வேலையைச் செய்யக்கூடும் என்பது என் அனுபவம். விரதம் முடிந்த பிறகும் போக ஒரு இடமாக அது இருந்தால் மட்டும்.

“அவன் வரமாட்டேன் என்கிறான்” என்பதுதான் அடுத்தது என்று தெரியும். ஏசினால் வரமாட்டான். 1983இல் வில்லியம் மில்லர் எழுதிய ஒரு முறையை நாங்கள் பின்பற்றுகிறோம்: நாம் காரணம் சொல்லச் சொல்ல அவன் எதிர்க்காரணம் சொல்வான், ஆகவே காரணம் அவன் வாயிலிருந்து வர வேண்டும். கிளினிக்கில் பேச்சு இப்படிப் போகும். “இதில் உமக்குப் பிடித்தது என்ன?” “ரெண்டு நாள் நித்திரை இல்லாமல் வேலை செய்யலாம்.” “பிடிக்காதது?” கொஞ்ச நேரம் பேசமாட்டான். “அம்மா எனக்குப் பயந்து அறையைப் பூட்டிக்கொண்டு படுக்கிறா.” அந்த இடத்தில் நாங்கள் புத்தி சொல்வதில்லை. “அது உமக்கு மனக் கஷ்டமாக இருக்கு” என்று மட்டும் சொல்லி நிறுத்துவோம். அடுத்ததை அவனே சொல்லுவான்.

வீட்டாருக்கும் இதற்கொரு பயிற்சி உண்டு. தெளிவாக இருக்கும் நேரத்தில் அவனோடு இருங்கள், சாப்பிடுங்கள், கதையுங்கள். பாவித்துவிட்டு வந்த நேரத்தில் சண்டை பிடிக்காமல் விலகிவிடுங்கள். அவன் பட்ட கடனை நீங்கள் கட்டாதீர்கள். வேலைத்தளத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள். மனம் இளகும் நேரத்தில் “நாளைக்குக் கிளினிக், நானும் வாறேன்” என்று உடனே சொல்ல ஆயத்தமாக இருங்கள். 1999இல் வந்த ஒப்பீட்டு ஆய்வொன்றில் இந்த வழியில் பயின்ற குடும்பங்களில் 64 சதவீதம், மறுத்துக்கொண்டிருந்தவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டன. எல்லாரும் கூடி இருத்தி வைத்து முகத்துக்கு நேரே சொல்லும் வழியில் அது 30 சதவீதம். கனடாவிலோ சுவிஸிலோ இருந்து காசு அனுப்பும் சொந்தம் இருந்தால் அவர்களோடும் கதையுங்கள். தம்பிமேல் இரக்கப்பட்டு அவன் கணக்குக்கே நேராகப் போடும் காசு, நீங்கள் இங்கே படும் பாட்டை ஒரே நாளில் கலைத்துவிடும்.

ஐஸ் பாவிப்பவருக்குச் சந்தேகம் முற்றுவதும் உண்டு. பக்கத்து வீட்டுக் கமெரா தன்னைத்தான் பார்க்கிறது, சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால் வாதாட வேண்டாம். “உனக்குப் பயமாக இருக்கு, நாங்கள் இருக்கிறம்” என்று தணிவாகச் சொல்லி, கத்தி, மண்வெட்டி போன்றவற்றை அப்புறப்படுத்தி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

கடைசித் தம்பியின் கேம். ஒருவன் நிறைய விளையாடுவதால் மட்டும் அடிமை ஆகிவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. நிற்பாட்ட முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதலிடம் பிடித்தல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல், இவை வழக்கமாக ஒரு வருடம் நீடித்துப் படிப்பையோ உறவையோ குலைத்தால்தான் அந்தப் பெயர். அப்பா வெறியில் கத்தும் வீட்டில், அண்ணன் கதவை உதைக்கும் வீட்டில், 16 வயதுப் பிள்ளை காதில் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு வேறு ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடுகிறான் என்றால், அவனுக்கு அது ஒளிந்துகொள்ள ஒரு இடமாகவும் இருக்கலாம். போனைப் பறித்து உடைத்தால் அந்த இடமும் போய்விடும். இரவு பத்து மணிக்கு வீட்டில் எல்லாருடைய போனும் ஒரே மேசைக்கு வரட்டும், உங்களுடையதும் சேர்த்து. முதலில் நித்திரையைச் சரிசெய்யுங்கள். ரியூசனுக்கும் போகாமல், குளிக்காமல், சாப்பிடாமல் கிடந்தால் கிளினிக்குக்குக் கூட்டிவாருங்கள். அடியில் மனச்சோர்வு இருக்கலாம்.

கேமை விட எனக்குப் பயம் போனில் ஆடும் பெற்றிங். சூதாட்டத்தை 2013இலேயே அமெரிக்க உளமருத்துவச் சங்கம் சாராயம், ஹெரோயினோடு ஒரே அத்தியாயத்தில் வைத்துவிட்டது. எப்போது வெல்லும் என்று தெரியாத பரிசுதான் மூளையை மிக இறுக்கமாகப் பிடிக்கும். ஒரு ஓட்டத்தால் தவறிய பந்தயம் வென்றது போலவே அடுத்ததுக்குத் தள்ளும். வாயில் மணமில்லை, நடையில் தள்ளாட்டமில்லை, நகை அடகுக்குப் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். தற்கொலை அபாயம் இதில் மிக அதிகம். அப்படி யாராவது இருந்தால் ஏச்சுக்கு முன், “சாக வேண்டும் போல இருக்கா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. காசையும் வங்கி அட்டையையும் நம்பிக்கையான ஒருவர் கையில் சில காலம் ஒப்படைப்பதும், கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதி வெளியே கொண்டுவருவதும் சிகிச்சையின் பகுதியே.

எங்கே போவது என்றால், யாழ் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. வேறு பக்கமென்றால் கிட்டிய ஆதார வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். காசு கட்டத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார். போதை பற்றிக் கேட்க தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம் 1927, மன நெருக்கடிக்கு 1926.

முதல் தடவை தம்பியும் அப்பாவும் வராவிட்டால் நீங்கள் தனியாகப் போங்கள். வீட்டாரோடு கதைப்பதும் எங்கள் வேலைதான். போகும்போது ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: அப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு எப்போதாவது நிற்பாட்டியபோது வலிப்போ புலம்பலோ வந்ததா, ஈரல், இருதய வருத்தம் உண்டா, எடுக்கும் குளிசைகளின் பெயர்கள். தம்பிக்கு: எப்போது தொடங்கியது, புகையா ஊசியா, நித்திரை எத்தனை நாள் இல்லை, சந்தேகம், அடிதடி, சாகும் கதை ஏதும் உண்டா. வலிப்பு முன்பு வந்திருந்தால் அதைத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள்.